தள்ளுகிறவர் யார்? செட்டிநாட்டு வீட்டில் இயக்கவியல் கற்க ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து பாதியில் விழிப்பவர்களுக்கும் எழுதுவது இது. இயக்கம், விசை என்ற பாடத்தைக் கரும்பலகையில் தொடங்குவதைவிடக் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ ஒரு பழைய வீட்டுக்குள் தொடங்குவது எளிது. ஊஞ்சல், கிணறு, கனத்த நிலைக்கதவு, வழுவழுப்பான தரை, வானம் பார்த்த முற்றம் எல்லாம் அங்கே ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. கல்யாணத்துக்கோ, படைப்பு என்னும் முன்னோர் வழிபாட்டுக்கோ ஊருக்கு வந்து பொழுது போகாமல் திண்ணையில் சாய்ந்திருப்பவர்களுக்கு ஏற்ற வேலை. செட்டிநாட்டில் வீடு இல்லாதவர்கள், தங்கும் விடுதியாக மாறிய ஏதாவது ஒரு பெரிய வீட்டில் அனுமதி கேட்டுச் செய்யலாம்.

வேண்டியவை அதிகமில்லை. தச்சர் வைத்திருப்பது போன்ற அளவு நாடா, கைபேசி, நோட்டு, பென்சில். இவற்றோடு ஒரு கொக்கித் தராசு. பழைய பேப்பர் எடுக்க வருகிறவர் கட்டைத் தூக்கி மாட்டிப் பார்ப்பாரே, அதுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பித்தளை முகம் வைத்த பழைய தராசு கண்ணில் பட்டால் அழகுக்காக வாங்கிக்கொள்ளுங்கள், அளப்பதற்காக வேண்டாம். வயதான சுருள்வில் தளர்ந்திருக்கும். பாத்திரக் கடையில் கிடைக்கும் புதிய தராசே போதும்.

ஒரு எச்சரிக்கை. வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் வீடாக இருந்தால், ஊஞ்சல் கொக்கியையும் அது மாட்டியிருக்கும் உத்தரத்தையும் விவரம் தெரிந்த தச்சர் ஒருவர் பார்க்காமல் யாரும் ஏற வேண்டாம். ஏன் என்பதற்கான கணக்கு பின்னால் வருகிறது.

முதல் படி: ஒரு பொருளைத் தனியே பிரித்து வரையுங்கள்

சூத்திரத்தைத் தொடாதீர்கள். முதலில் படம்.

ஊஞ்சல் பலகையில் ஓர் ஆச்சி அசையாமல் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் ஆச்சியை மட்டும் ஒரு வட்டமாகப் போடுங்கள். பலகை, சங்கிலி, வீடு எதுவும் படத்தில் வேண்டாம். இப்போது ஆச்சியைத் தள்ளுவதும் இழுப்பதும் யார் யார் என்று கேளுங்கள். பூமி கீழே இழுக்கிறது. பலகை மேலே தள்ளுகிறது. அவ்வளவுதான். ஆச்சியின் எடை 60 கிலோ என்றால் பூமி இழுக்கும் விசை ஏறத்தாழ 588 நியூட்டன். அவர் அசையாமல் இருப்பதால் பலகை தள்ளும் விசையும் அதே 588.

அடுத்து, பக்கத்தில் பலகையை மட்டும் தனியே வரையுங்கள். பூமி பலகையைக் கீழே இழுக்கிறது, ஆச்சி அதைக் கீழே அழுத்துகிறார், நான்கு சங்கிலிகள் மேலே இழுக்கின்றன.

இதில் நான் விடாப்பிடியாக வலியுறுத்தும் விதி ஒன்று உண்டு. ஒவ்வோர் அம்புக்குறியின் அருகிலும் விசையைக் கொடுப்பவரின் பெயரை எழுத வேண்டும். "பலகை ஆச்சியைத் தள்ளுகிறது", "பூமி ஆச்சியை இழுக்கிறது" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். கொடுப்பவரின் பெயர் எழுத வரவில்லை என்றால் அப்படி ஒரு விசையே இல்லை, அம்பை அடித்துவிடுங்கள். இயக்கவியலில் புதியவர்கள் இடறும் இடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியில் அடிபட்டுப் போகும்.

நியூட்டனின் மூன்றாம் விதியும் இங்கேயே விளங்கிவிடும். "ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு" என்று மனப்பாடம் செய்தவர்களிடம் ஆச்சியின் எடைக்கு எதிர்விசை எது என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் "பலகை தள்ளுவது" என்பார்கள். தவறு. அந்த இரண்டு விசைகளும் ஒரே படத்தில், ஆச்சியின் மேலேயே இருக்கின்றன. மூன்றாம் விதி சொல்லும் இணை எப்போதும் இரண்டு வெவ்வேறு படங்களில் இருக்கும். பெயர்களை இடம் மாற்றினால் இணை கிடைத்துவிடும். "பலகை ஆச்சியைத் தள்ளுகிறது" என்பதன் இணை "ஆச்சி பலகையைத் தள்ளுகிறார்". "பூமி ஆச்சியை இழுக்கிறது" என்பதன் இணை "ஆச்சி பூமியை இழுக்கிறார்". ஆம், அதே 588 நியூட்டனில்தான் இழுக்கிறார். பூமியின் நிறை அளவிட முடியாதபடி பெரியது என்பதால் அது நகர்வது நமக்குத் தெரிவதில்லை.

இரண்டாம் படி: தரையில் கோலிக்குண்டு

பட்டாலை என்கிற கூடத்தில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிடுங்கள். கையை விட்டுப் போன பிறகு உருண்டுகொண்டிருக்கும்போது அதன் படத்தை வரையுங்கள். முன்னோக்கி ஓர் அம்பு போடக் கை துடிக்கும். போடும் முன் கேள்வி: தள்ளுகிறவர் யார்? கை அல்ல, கை எப்போதோ விட்டுவிட்டது. காற்றும் அல்ல. யாரும் இல்லை. ஆகவே முன்னோக்கிய விசை கிடையாது.

அப்படியானால் ஏன் ஓடுகிறது? ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் தேவையில்லை. நிற்பதற்கும் திரும்புவதற்கும் வேகம் கூடுவதற்கும்தான் காரணம் தேவை. முதல் விதி சொல்வது இவ்வளவுதான். அரிஸ்டாட்டில் காலம் தொட்டு, ஓட வேண்டுமானால் ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். கலிலியோ அதை அசைத்தார். நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிபியா என்ற நூலில் விதியாகவே எழுதிவைத்தார். மாறாத வேகத்தை உடல் உணர்வதில்லை என்பதும் இதற்குள் அடக்கம். பூமியின் சுழற்சியால் காரைக்குடித் திண்ணையில் சாய்ந்திருப்பவர் மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். கையில் இருக்கும் காபி தளும்புகிறதா?

மூன்றாம் படி: உராய்வை அளந்து பாருங்கள்

செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லின் முகம் கண்ணாடியின் மேல் வார்க்கப்படுகிறது. கண்ணாடித் தகட்டில் சட்டத்தை வைத்து வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியில் படிந்த பக்கமே தரையின் மேற்புறம். அந்த வழுவழுப்பு நம் சோதனைக்கு வசதி. இடத்துக்கு இடம் மாறாமல் ஒரே சீராக இருக்கும்.

ஒரு மணைக்கட்டையின் மேல் பத்து கிலோ அரிசிப் பையை வையுங்கள். மணையில் கயிறு கட்டி, கொக்கித் தராசை மாட்டித் தரைக்கு இணையாக மெதுவாக இழுங்கள். தராசு முள்ளை உற்றுப் பாருங்கள். முதலில் ஏறிக்கொண்டே போகும், மணை அசையாது. ஒரு கட்டத்தில் மணை சட்டென்று நழுவும். அந்தக் கணமே முள் சற்று இறங்கும். நழுவும் முன் காட்டிய உச்ச அளவு நிலை உராய்வு. நழுவிய பின் சீராக இழுக்கத் தேவைப்படும் அளவு இயக்க உராய்வு. மணையும் பையும் சேர்ந்து 12 கிலோ, நழுவும் முன் தராசு காட்டியது 4.8 கிலோ என்றால் உராய்வுக் கெழு 4.8 ÷ 12, அதாவது 0.4. தராசு கிலோ என்று சொன்னாலும் அது உண்மையில் அளப்பது விசையை. நியூட்டனில் வேண்டுமென்றால் 9.8ஆல் பெருக்குங்கள்.

பையை இரண்டாக்கிப் பாருங்கள். உராய்வும் ஏறத்தாழ இரு மடங்காகும். பிறகு ஒரு செங்கல்லை முதலில் படுக்கவைத்தும் அடுத்துப் பக்கவாட்டில் நிறுத்தியும் இழுங்கள். தரையைத் தொடும் பரப்பு குறைந்தாலும் தராசு பெரிதாக மாறாது. இது பலருக்கும் நம்ப முடியாததாக இருக்கும். 1699இல் பிரான்சில் அமோன்டன் என்ற இயற்பியலாளர் இதை எழுதியபோதும் அங்கிருந்த அறிஞர்கள் எளிதில் நம்பவில்லை. (செங்கல் தரையைக் கீறும். அடியில் ஒரு துணியை ஒட்டிவிடுங்கள். வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.)

தராசு கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி. ஒரு பலகையின் மேல் மரக்கட்டையை வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். கட்டை நழுவத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, உயரத்தைத் தரையோடான கிடைநீளத்தால் வகுங்கள். 100 செ.மீ. கிடைநீளத்துக்கு 40 செ.மீ. உயர்ந்திருந்தால் கெழு 0.4. கட்டையின் எடையே தேவையில்லை.

நான்காம் படி: தேர் ஏன் கனக்கிறது?

இரண்டாம் விதிக்குக் குன்றக்குடியிலோ பிள்ளையார்பட்டியிலோ தேரோட்டம் பார்த்துவிட்டு வாருங்கள். விதி சுருக்கமானது: ஒரு பொருளின் மேல் விழும் விசைகளைக் கூட்டிக் கழித்து மிஞ்சுவது = நிறை × முடுக்கம். முடுக்கம் என்றால் ஒரு நொடியில் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது.

தேர் 20 டன் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து 5 நொடியில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்துக்கு வருகிறது. முடுக்கம் 0.1. தேவையான நிகர விசை 20,000 × 0.1 = 2,000 நியூட்டன். கிலோ கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 200 கிலோ இழுவிசை. ஆளுக்கு இருபது கிலோ இழுத்தால் பத்துப் பேர் போதும். ஆனால் வடம் பிடிப்பது நூற்றுக்கணக்கானோர். மிச்சப் பேரின் பலம் எங்கே போகிறது?

தேரின் படத்தை வரைந்தால் விடை தெரியும். வடம் முன்னோக்கி இழுக்கிறது. தரை சக்கரத்தைப் பின்னோக்கித் தடுக்கிறது. இந்த இரண்டின் வித்தியாசம்தான் 2,000. அச்சில் ஏற்படும் உராய்வு, தரையில் அழுந்திய சக்கரம் தன் பள்ளத்திலிருந்து ஏற வேண்டியிருப்பது, முன்னால் கிடக்கும் கல், மண் என்று தடைகள் சேர்ந்து பெரும் விசையைத் தின்றுவிடுகின்றன. "தேர் கனமானது, அதனால்தான் நகரவில்லை" என்பது பாதி உண்மை. கனம் நேராகத் தடுப்பதில்லை. அச்சையும் தரையையும் அழுத்தி உராய்வைப் பெருக்குவதன் மூலம் தடுக்கிறது. திருச்சி பெல் ஆலை பல கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்த பிறகு அவை எளிதாக ஓடுவதற்குக் காரணம் இதுதான். தேரின் எடை குறையவில்லை, தடை குறைந்தது. கிளம்பும் கணத்தில் பின்னாலிருந்து நெம்புவதும் அந்த முதல் பள்ளத்தைத் தாண்டுவதற்காகத்தான்.

இங்கே ஒரு பழைய குதர்க்கம் தலைகாட்டும். மக்கள் தேரை இழுக்கிற அளவுக்கே தேரும் மக்களை இழுக்கிறது என்றால், எப்படி நகரும்? இரண்டு படம் போடுங்கள். மக்களின் படத்தில் வடம் அவர்களைப் பின்னோக்கி இழுக்கிறது. தரை அவர்களின் பாதங்களை முன்னோக்கித் தள்ளுகிறது. பாதம் தரையைப் பின்னால் தள்ளுவதன் இணை அது. தேரின் படத்தில் பாதமே இல்லை. ஆக, தேரோட்டத்தில் உண்மையில் முன்னோக்கித் தள்ளுகிற வெளியாள் தெருதான். தெருவில் எண்ணெய் கொட்டிக் கிடந்தால் எத்தனை பேர் பிடித்தாலும் தேர் நகராது, பாதம் வழுக்கும்.

ஐந்தாம் படி: ஊஞ்சலில் புவியீர்ப்பை அளத்தல்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஒதுக்கிய நேரத்துக்குப் பலன் கைமேல் உண்டு.

சிறு வீச்சில் ஆடும் ஊசலின் அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம்) அதன் நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் மட்டுமே சார்ந்தது. தொங்கும் பொருளின் எடை கணக்கில் வராது. ஆகவே நீளத்தையும் நேரத்தையும் அளந்தால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைத்துவிடும்:

முடுக்கம் = 39.48 × நீளம் ÷ (அலைவு நேரம் × அலைவு நேரம்)

நீளம் மீட்டரில், நேரம் நொடியில். 39.48 என்பது பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தை நான்கால் பெருக்கியது.

செட்டிநாட்டு ஊஞ்சல் இதற்கென்றே செய்தது போன்றது. பூங்காவில் இரண்டு சங்கிலியில் தொங்கும் ஊஞ்சலில் உட்கார்ந்தால் ஆளும் சேர்ந்து சாய்வார். தலை ஒரு சிறிய வில்லிலும் கால் ஒரு பெரிய வில்லிலும் போகும். நீளம் எது என்று குழப்பம் வரும். நம் ஊஞ்சலில் நான்கு மூலைக்கும் நான்கு சங்கிலிகள், மேலே தனித்தனிக் கொக்கிகள். பலகையின் எந்தப் பக்கம் ஆட்டினாலும் சங்கிலிகள் ஒன்றுக்கொன்று இணையாகவே சாய்வதால், பலகை கிடைமட்டமாகவே போய் வரும். உட்கார்ந்திருப்பவரின் தலையும் காலும் ஒரே அளவு வில்லில்தான் போகின்றன. ஆகவே நீளம் என்பது சங்கிலியின் நீளமே. உட்கார்ந்தாலும் படுத்தாலும் மாறாது. சங்கிலிகள் மேலே ஒரே கொக்கியில் கூடும் ஊஞ்சலாக இருந்தால் இது பொருந்தாது, பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மேல் கொக்கியிலிருந்து பலகையில் மாட்டும் வளையம் வரை நாடாவால் அளங்கள். பலகையை ஒரு சாண் தூரம் மட்டும் இழுத்து விடுங்கள், தள்ள வேண்டாம். பலகை நடுவைக் கடக்கும்போது, சுழியம் என்று தொடங்கி, அதே திசையில் மறுபடி கடக்கும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். ஓரத்தில் நின்று திரும்பும் இடத்தில் எண்ணாதீர்கள். அங்கே பலகை மெதுவாக இருப்பதால் கணம் எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. பத்து அலைவுக்கான நேரத்தைப் பத்தால் வகுங்கள். கைபேசியை அழுத்துவதில் வரும் கால் நொடித் தடுமாற்றமும் அப்போது பத்தில் ஒன்றாகிவிடும்.

கணக்குப் போட்டால் 9.8 வர வேண்டும். ஆனால் வெறும் பலகையில் செய்தவருக்கு 10.2, 10.3 என்று வரும். உடனே சோதனையைக் குறை சொல்லாதீர்கள். சங்கிலியைப் பாருங்கள். பித்தளைச் சங்கிலி நல்ல கனம். அதன் மேல் கண்ணிகள் குட்டையான ஊசல்கள். குட்டை ஊசல் வேகமாக ஆடத் துடிக்கும். முழு ஊஞ்சலையும் சற்றே விரைவுபடுத்தும். 2.75 மீட்டர் நீளம், 30 கிலோ பலகை, நான்கு சங்கிலியும் சேர்ந்து 10 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால் பத்து அலைவுக்கு 32.5 நொடி வரும், விடை 10.27. அதே பலகையில் 60 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்தால் விடை 9.96. மூன்று பேர் உட்கார்ந்தால் 9.85 பக்கம் வந்துவிடும். பலகைப் பக்கம் கனம் கூடக்கூடச் சங்கிலியின் பங்கு கரைகிறது. யாரும் காலை ஆட்டக் கூடாது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்தால் இந்த நிபந்தனைதான் சோதனையிலேயே கடினமான பகுதி.

புத்தகம் 9.8 என்று சொன்னாலும் காரைக்குடியின் உண்மையான அளவு ஏறத்தாழ 9.78. பாரிஸில் 9.81. பூமி சுழல்வதாலும், நடுவில் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுக்கு அருகே ஈர்ப்பு சற்றுக் குறைவு. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் சரிபார்த்த ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைக் குட்டையாக்கித்தான் சரிசெய்ய முடிந்தது. பூமி உருண்டையாக இல்லாமல் நடுவில் புடைத்திருக்கிறது என்று வாதிட்டபோது நியூட்டன் எடுத்துக்காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. இதே கணக்குப்படி பாரிஸில் ஓடிய கடிகாரம் காரைக்குடிக்கு வந்தால் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்க வேண்டும். இங்குள்ள வீடுகளில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த சுவர்க் கடிகாரங்கள் எத்தனையோ தொங்குகின்றன. அவற்றின் ஊசல் குண்டுக்குக் கீழே ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருகிக் குண்டை மேலே ஏற்றினால் கடிகாரம் விரைவாக ஓடும். நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்தைச் சரிக்கட்ட ஊசலின் நீளத்தில் ஏறத்தாழ 0.3 விழுக்காடு குறைத்தால் போதும்.

இனிக் கொக்கிக்கு வருவோம். ஊஞ்சல் அசையாமல் இருக்கும்போது சங்கிலிகள் தாங்குவது பலகை, ஆட்கள் எடை மட்டுமே. ஆடும்போது, பலகை அடிப்புள்ளியைக் கடக்கையில், அதன் பாதை மேல்நோக்கி வளைகிறது. வளைப்பதற்கு மேல்நோக்கி நிகர விசை வேண்டும். கொடுப்பவர் யார்? சங்கிலிதான். அதனால் சங்கிலி எடையைவிடக் கூடுதலாக இழுக்க வேண்டும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்து விட்டால் அடிப்புள்ளியில் இழுவிசை எடையைப் போல 1.27 மடங்கு. 60 பாகை என்றால் சரியாக இரண்டு மடங்கு. சங்கிலியின் நீளம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. நான்கு பேர் ஏறி உயரமாக ஆடினால் உத்தரம் தாங்குவது எட்டுப் பேரை.

ஆறாம் படி: கைபேசியும் பஸ்ஸும்

இன்றைய கைபேசிகளில் முடுக்கமானி என்ற சிறு கருவி உள்ளே இருக்கிறது; திரையைத் திருப்பினால் படம் திரும்புவது அதனால்தான். ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியை இலவசமாகத் தருகிறது. அதில் ஈர்ப்பு நீக்காத முடுக்க அளவைத் திறந்து, கைபேசியை மேசையில் கிடத்துங்கள். அசையாமல் கிடக்கும் கைபேசி 9.8 என்று காட்டும். புதியவர்கள் இங்கேதான் தலையைச் சொறிவார்கள். கருவி ஈர்ப்பை அளக்கவில்லை. மேசை கைபேசியை மேலே தள்ளும் விசையைத்தான் அளக்கிறது. சோதிக்க, மெத்தை மேல் ஒரு முழ உயரத்திலிருந்து கைபேசியை விடுங்கள். விழும் அந்தச் சிறு நேரத்தில் வரைபடம் சுழியத்துக்கு அருகே இறங்கி, மெத்தையில் பட்டதும் துள்ளி எழும். பூமி விடாமல் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. தள்ளுகிறவர் இல்லாமல் போனதுதான் மாற்றம்.

அதே செயலியோடு காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு டவுன் பஸ் ஏறுங்கள். பிரேக் போடும்போது முன்னால் விழுகிறோம். தள்ளியவர் யார்? யாருமில்லை. பஸ்தான் நின்றது, நாம் போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே போனோம். வளைவில் வெளிப்பக்கம் "வீசப்படுவதும்" அதே கதை. மையவிலக்கு விசை என்று பெயர் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். சாலையில் நின்று பார்ப்பவரின் படத்தில் அதைக் கொடுப்பவர் எவருமில்லை, அம்பை அடித்துவிடுங்கள். நேராகப் போக இருந்த நம்மை இருக்கையின் ஓரம் உள்பக்கமாகத் தள்ளுகிறது. பஸ்ஸைச் சாலையின் உராய்வு உள்பக்கமாகத் தள்ளுகிறது. வடமாடு மஞ்சுவிரட்டில் மாடு ஓடிக் கயிறு விறைத்ததும் கயிறு மாட்டை நடுவை நோக்கி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது. வளைவின் ஆரம் 25 மீட்டர், வேகம் மணிக்கு 36 கி.மீ. என்றால் உள்நோக்கிய முடுக்கம் 4. உராய்வுக் கெழு 0.4க்குக் கீழே போனால் டயர் சறுக்கத் தொடங்கும். மழையில் சாலை மண் வழுவழுத்துக் கிடக்கும் வளைவில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பது இந்தக் கணக்கால்தான்.

வேகத்தை நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைக்கும் பிரேக் என்று வைத்தால், 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 7 மீட்டரில் நிற்கும், 60 கி.மீ. வேகத்தில் 28 மீட்டர். 80இல் 49 மீட்டர். ஓட்டுநர் பார்த்துக் காலை வைப்பதற்குள் போகும் தூரம் இதில் சேரவில்லை.

ஏழாம் படி: கிணறு, கதவு, மழை

இவை சின்ன வேலைகள்.

கிணற்றுக் கப்பியில் ஓடும் கயிற்றோடு கொக்கித் தராசைக் கட்டி, தண்ணீர் வாளியை ஒரே சீராக மேலே இழுத்தும் பிறகு இறக்கியும் அளவைக் குறியுங்கள். கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை. இழுக்கும் திசையைத்தான் மாற்றுகிறது. கீழ்நோக்கி இழுக்கும்போது நம் உடம்பின் கனமும் உதவிக்கு வருகிறது. எட்டு கிலோ வாளி ஏற்றும்போது ஒன்பது என்றும், இறக்கும்போது ஏழு என்றும் காட்டினால், அந்த ஒரு கிலோ அச்சின் உராய்வு. எண்ணெய் போட்டு மறுபடி அளங்கள்.

குடுமி (கதவு சுழலும் முளை) வைத்த பழைய கதவை விளிம்பில் ஒரு விரலால் தள்ளுங்கள். பிறகு குடுமிக்கு ஒரு சாண் தள்ளிக் கைவைத்துத் தள்ளுங்கள். தூரம் நான்கில் ஒன்றானால் விசை நான்கு மடங்கு வேண்டும். திருகையின் கைப்பிடி ஏன் ஓரத்தில் இருக்கிறது என்பது தானாக விளங்கும்.

மழைக்காலமாக இருந்தால் முற்றத்துக்கு வாருங்கள். இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளியைக் காற்று தடுக்காவிட்டால் அது நொடிக்கு 198 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் வந்து இறங்கும். பெரிய துளியே உண்மையில் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில்தான் வருகிறது. விழ விழக் காற்றின் எதிர்ப்பு ஏறி, பூமியின் இழுப்புக்குச் சமமானதும் நிகர விசை சுழியம். அதன்பின் வேகம் கூடுவதில்லை. பனைமரத்திலிருந்து வெட்டி விழும் நுங்குக்குலைக்கு இந்தச் சலுகை கிடையாது. கனத்துக்கு ஏற்ற காற்றெதிர்ப்பு வருவதற்குள் தரை வந்துவிடும். 15 மீட்டரிலிருந்து விழுந்தால் 1.75 நொடி, மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கீழே நிற்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு பாடநூலை எடுங்கள்

தமிழ்நாட்டுப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதி போதும். தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இயக்க விதிகள் அலகிலிருந்து தொடங்குங்கள்; இயக்கவியல் அலகின் வெக்டர் கணக்குகள் முதலில் சலிப்பூட்டும், தேவைப்படும்போது திரும்பி வந்து படித்தால் போதும். மின்தூக்கியில் நிற்கும் மனிதனின் கணக்கை முதலில் போடுங்கள். ஊஞ்சல் பலகையில் ஆச்சிக்குப் போட்ட அதே இரண்டு அம்புகள்தான் அதில். பிறகு சாய்தளக் கணக்கு. பலகையை உயர்த்தியவர்களுக்கு அது பழகியது. கப்பியில் இரண்டு எடைகள் தொங்கும் கணக்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படம் போட வேண்டியதை ஒரே படமாகப் போட்டு அதில் மாட்டிக்கொள்பவர்களே அதிகம். விடை தவறினால் சூத்திரத்தைத் தேடாமல், படத்தில் பெயர் எழுதாத அம்பு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.